சான் செர்க் மலையில் அம்மா பழகிய ஒரு வசனம்

முதலில் ஒரு மன்னிப்பு. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் நிறைய இடம் பார்த்தவர்களாக இருப்பார்கள். நான் பார்த்தது ஒரு மலைக்கிராமம். அதிலும் ஒரு வீடு, அந்த வீட்டிலும் ஓர் அறை. அந்த அறையிலும் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பிறகேன் எழுதுகிறாய் என்று கேட்டால், போவதற்கு முன் நான் தமிழில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. இனித் தேடுகிறவர்களுக்கு இதாவது இருக்கட்டும்.

நான் சுவிஸில், பீல் நகரில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்தவர்களில் நான்தான் முதல் ஆள். சமூகப்பணி படித்து, இப்போது பெண்களுக்கான ஆலோசனை நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க ஆட்களோடு கதைக்கிற வேலை. எனக்கோ கதைக்கக் கூச்சம். அதனால் மற்றவர்கள் கதைப்பதை அங்குமிங்கும் மொழிபெயர்த்துக் கொடுக்கிற வேலை வந்தால் முதலில் கை உயர்த்துவேன். கடந்த நவம்பரில் அப்படித்தான் ஓர் அறிவித்தல் வந்தது. புருண்டியில் கிராமப் பெண்களுக்குத் தியானம் பழக்குகிற கொன்சோலாத் என்பவர் சுவிஸுக்கு வருகிறார், ஜெனீவாவில் வாழும் ஆபிரிக்கப் பெண்களோடு சான் செர்க்கில் ஒரு வார இறுதியைக் கழிக்கிறார், வேறு நாட்டுப் பெண்களும் வரலாம் என்று இருந்தது. நான் இரண்டு இடம் பதிந்தேன். ஒன்று எனக்கு, மற்றது அம்மாவுக்கு.

அம்மாவை ஏன் கூட்டிக்கொண்டு போனேன் என்பதைச் சொல்லவேண்டும். அம்மா காலை ஐந்து மணிக்கு ஓர் அலுவலகக் கட்டிடத்தில் துப்புரவு வேலை தொடங்குவார். ஏழரைக்கு அது முடியும். ஒன்பதரையிலிருந்து மாலை வரை முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறை. இரவில் நாலு மணித்தியாலம் நித்திரை வந்தால் பெரிய விசயம். பிரஷர் ஏறிக்கொண்டே போனது. இரண்டு வேலையில் ஒன்றை விடத்தான் வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த நாள் நாலரைக்கு எழும்பிப் போனார்.

காலை வேலையை விடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வேலைக்கு மேற்பார்வையாளர் சிவம் அண்ணை. (அவருடைய உண்மைப் பெயர் இது அல்ல.) அம்மா இந்த நாட்டுக்கு வந்த புதிதில், விசா நீட்டிக்க வேலை காட்டவேண்டியிருந்த நேரத்தில், அவர்தான் சேர்த்துவிட்டவர். எங்கள் ஆட்களிடையே வேலை என்பது கம்பெனியிடமிருந்து வருவதில்லை, ஓர் ஆளிடமிருந்து வருகிறது. விடுகிறபோதும் அந்த ஆளிடம்தான் விடவேண்டும். அதுவும் வெறுங்கையோடு போகக்கூடாது, தன் இடத்துக்கு இன்னொருவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விலகவேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் மீறினவர்களும் நான் அறிய இல்லை. அம்மா ஆள் தேடினார், கிடைக்கவில்லை, அதோடு விட்டுவிட்டார்.

தியானம் என்றதும் அம்மா சிரித்தார்.

"எங்கட ஆக்களின்ர விசயத்தை நாங்கள் ஆபிரிக்கா ஆக்களிட்டப் போய்ப் படிக்கோணுமோ பிள்ளை?"

"நீங்கள் எப்பவாவது தியானம் செய்திருக்கிறியளோ அம்மா?"

"எனக்கெங்க நேரம்."

"அப்ப என்னெண்டு எங்கட விசயம்?"

அப்பா பக்கத்திலிருந்து, "போட்டு வாங்கோ, ரெண்டு நாளும் நான் சமைச்சுச் சாப்பிடுவன்" என்றார். "என்னத்தை?" என்று அம்மா கேட்டார். "முட்டை" என்றார் அப்பா. அது அம்மாவுக்கு நம்பிக்கை தரவில்லை. வெள்ளிக்கிழமை இரவு குளிர்சாதனப் பெட்டியை நிரப்பிவிட்டுத்தான் படுத்தார்.

சனிக்கிழமை காலை ஏழேகால் ரயிலில் பீலிலிருந்து புறப்பட்டோம். நவம்பர் என்றால் பீல் எப்படியிருக்கும் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். புகார் என்கிற மூடுபனி இறங்கி எதிர்வீடே தெரியாது. வழியில் ஒருமுறை மாறி நியோனில் இறங்கவேண்டும். அங்கிருந்து மலைக்கு ஏறுகிற சிறிய சிவப்பு ரயில் இருக்கிறது, மேலே போக முப்பத்தைந்து நிமிடம். அரைக் கட்டண அட்டையோடு ஒருவருக்கு ஒருவழிப் பயணம் முப்பது பிராங் அளவில் வந்தது. முன்கூட்டியே பதிந்தால் குறையலாம்; நான் யோசித்து யோசித்துக் கடைசி நாளில்தான் எடுத்தேன்.

சிவப்பு ரயில் வளைந்து வளைந்து ஏறும்போது ஓர் இடத்தில் புகார் சட்டென்று முடிந்து வெயில் அடித்தது. கீழே பார்த்தால் ஏரி இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாகப் புகார் பரவிக் கிடந்தது. அதற்கு அப்பால் பனி மலைகள் நின்றன. ஆட்கள் எல்லாரும் போனை எடுத்தார்கள். அம்மா மடியில் இருந்த பையைத் திறந்து உள்ளே பார்த்து, "ரோல்ஸ் நசியேல்லை" என்றார். இரண்டு நாள் சாப்பாடும் அவர்களே தருகிறார்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். அம்மா முப்பது மீன் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பத்து மணிக்குச் சற்று முன் சான் செர்க். ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலான உயரம். நிலையத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிட நடை, கடைசிப் பகுதி ஏற்றம். ஓரங்களில் ஏற்கெனவே பனி உறைந்து வழுக்கியது. அம்மா துப்புரவு வேலைச் சப்பாத்தோடு வந்ததால் வழுக்காமல் நடந்தார். நான்தான் இரண்டு இடத்தில் வழுக்கி அவரைப் பிடித்தேன்.

வீட்டில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். கொன்சோலாத் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், உயரம் குறைவு, குரலும் குறைவு. கிராம மருத்துவ நிலையத்தில் தாதியாக வேலை செய்தவர். எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் ஆவா. செனகலைச் சேர்ந்தவர், ஜெனீவாவில் தலைமுடி பின்னுகிற கடை வைத்திருக்கிறார், வாய் ஓயாது. அவர்கள் பிரெஞ்சில் சொன்னதை நான் அம்மாவுக்கு எப்படிச் சொன்னேனோ அதே தமிழில்தான் கீழே எழுதுகிறேன்.

ஆவா அம்மாவைப் பார்த்ததும் கேட்டார்: "உங்கட ஆக்கள் எல்லாரும் பிறக்கேக்கையே தியானம் பழகிக்கொண்டுதானே வாறவை. இஞ்ச என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"நாங்கள் பிறக்கேக்க அழுதுகொண்டுதான் வந்தனாங்கள் எண்டு சொல்லு" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "ஆபிரிக்காவில எந்த இடமாம்? இந்த அம்மாவின்ர ஊருக்குக் கிட்டவோ?" என்று கொன்சோலாத்தைக் காட்டிக் கேட்டார்.

ஆவா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட டக்காரில இருந்து அவவின்ர ஊருக்குப் போறதிலும் பாக்க ஜெனீவாவுக்கு வாறது கிட்ட. நாங்கள் ரெண்டுபேரும் ஒருத்தரை ஒருத்தர் இஞ்ச வந்துதான் கண்டனாங்கள்."

முதல் அமர்வு பதினொரு மணிக்கு. கதிரையிலோ பாயிலோ உட்கார்ந்து இருக்கலாம். கண்ணை மூடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை; மோசமானவற்றைப் பார்த்தவர்களுக்குக் கண்ணை மூடுவதே பயமாக இருக்கும், அவர்கள் நிலத்தில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்றார் கொன்சோலாத். ஒரு கை வயிற்றில். மூச்சு வருகிறது, போகிறது, அவ்வளவுதான். பத்து நிமிடம். அவருடைய ஊரில் பிள்ளைகளின் நிறை பார்க்க வரும் நாளில், முதுகில் பிள்ளையோடுதான் பெண்கள் இருப்பார்களாம். பிள்ளை அழுதால் அழட்டும், அதுவும் மூச்சுத்தானே என்பாராம்.

நாலாவது நிமிடம்போல் பக்கத்தில் கதிரை அசைந்தது. கண்ணைத் திறந்தேன். அம்மா யன்னலடியில் நின்று கடுதாசித் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. மணி அடித்ததும் ஓடிப்போய் மெதுவாகக் கேட்டேன். "கண்ணை மூடினா ஊத்தை தெரியேல்லை. திறந்தா தெரியுது. வெயில் படுகிற பக்கம், கோடு கோடாக் கிடக்கு" என்றார். அதை மொழிபெயர்க்காமல் விடப் பார்த்தேன், கொன்சோலாத் விடவில்லை. கேட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "அடுத்த பத்து நிமிசம் அது ஊத்தையாவே இருக்கட்டும். ஓடிப்போகாது."

மதியம் மீன் ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது. வீட்டுக்காரர்கள் வைத்த சூப்பை யாரும் தொடவில்லை.

பிற்பகல்தான் நான் எதிர்பாராத பகுதி. கொன்சோலாத் தன் வேலை எப்படி மாறியது என்று சொன்னார். ஆரம்பத்தில் தலையிடி, நெஞ்சுப் படபடப்பு என்று வருகிற பெண்களுக்கு மருந்தில் குணமாகவில்லை என்றுதான் இருந்து மூச்சு விடப் பழக்கினாராம். படபடப்புக் குறைந்தது. ஆனால் ஒரு நாள் ஒரு பெண் எழும்பிக் கேட்டாளாம்: "நான் இஞ்ச அமைதியா இருக்கிறன். வீட்டை போய் எல்லாத்துக்கும் பழையபடி ஓம் எண்டு சொல்லுறன். அப்ப இந்த அமைதியால ஆருக்கு லாபம்? என்ர புருசன்ர தமையனுக்குத்தான்." அதற்குப் பிறகு ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்வது என்று வைத்தார்கள். தன்னுடைய வாழ்க்கையில் தான் இன்னொருவரிடம் சொல்லவேண்டிய, இன்னும் சொல்லாத வசனம். தன் சொந்த மொழியில் சொல்லவேண்டும். மற்றவர்கள் எல்லாரும், விளங்கினாலும் விளங்காவிட்டாலும், அதைத் திருப்பிச் சொல்லவேண்டும்.

அதைவிட முக்கியம் பிறகு வருகிற பகுதி. வசனத்தைச் சொன்ன பிறகு பேசாமல் இருக்கவேண்டும். மன்னிப்புக் கேட்கக்கூடாது, சிரிக்கக்கூடாது, தேத்தண்ணி போடவா என்று கேட்கக்கூடாது. அந்தச் சத்தமில்லாத நேரம்தான் தாங்க ஏலாதது. அதைத் தாங்குவதற்குத்தான் மூச்சு. எழும்பிக் கேட்ட அந்தப் பெண், கணவனின் தமையனிடம் போய், சதுப்பு நிலத்தோரமுள்ள அவரைத் தோட்டத்தை இந்தமுறை நானே அறுவடை செய்கிறேன் என்று சொன்னாளாம். அவர் சிரித்தாராம். அவள் பேசாமல் நின்றாளாம். கொஞ்ச நேரத்தில் சிரிக்கிறவருக்கு அலுத்துவிட்டது என்றார் கொன்சோலாத். எல்லா வசனமும் அப்படி முடிவதில்லை என்றும் சொன்னார். அடிவாங்குகிற பெண்ணை வசனத்தோடு தனியாக வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அவளுக்கு முதலில் பாதுகாப்பான இடம், பிறகுதான் மற்றதெல்லாம்.

அம்மாவின் முறை வந்தது. அம்மா நிமிர்ந்து இருந்து சொன்னார்: "என்ர மகளுக்கு இருபத்தாறு முடியுது, ஒரு நல்ல இடத்தில கலியாணம் சரிவரோணும்."

நான் மொழிபெயர்த்தேன். என் குரலில் அதைச் சொல்லக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். கொன்சோலாத், "இது வேண்டுதல். கடவுளிட்டச் சொல்லுங்கோ. உங்கட வசனம் எது?" என்று கேட்டார்.

அம்மா என் காதுக்குள் தாழ்ந்த குரலில், "அண்ணை, நான் ஒரு ஆளைப் பிடிச்சுத் தந்திட்டு காலமை வேலையை விடுறன், கோவிக்காதேங்கோ, நீங்கள் செய்த உதவியை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன், ஆள் கிடைக்கும்வரைக்கும் வாறன்" என்றார்.

"இவ்வளவு நீளத்தையும் நாங்கள் என்னெண்டு திருப்பிச் சொல்லுறது?" என்றார் ஆவா.

கொன்சோலாத் என்னிடம் ஒவ்வொரு துண்டாகக் கேட்டார். ஆள் பிடிக்கிறது யாருடைய வேலை? மேற்பார்வையாளருடையது. சம்பளம் அதற்கு யாருக்கு? அவருக்கு. கோபம் யாருடையது? அதுவும் அவருடையது. "அப்ப மிச்சம் இருக்கிறது மட்டும்தான் இவவின்ரை." மிச்சம் இவ்வளவுதான்: அண்ணை, நான் மாச முடிவோட காலமை வேலையை விடுறன்.

பதினொரு பெண்களும் திருப்பிச் சொன்னார்கள். யாருக்கும் சரியாக வரவில்லை. "விதுரன்" என்றார் ஒருவர். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "விடுறன். டு. நாக்கை மடியுங்கோ. விடுறன்." ஆவா இரண்டு மூன்று தடவை பிழைவிட்டார், வேண்டுமென்றே என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு பிழைக்கும் அம்மா முழு வசனத்தையும் திரும்பச் சொன்னார். எனக்குச் சின்ன வயதில் தமிழ் எழுத்துப் பழக்கிய அதே குரல். முதலில் காதுக்குள் சொன்ன வசனத்தை இப்போது அந்த அறையில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஆவா சிவம் அண்ணையாக நடித்தார். கையைக் கட்டிக்கொண்டு, மூக்கால் பெருமூச்சு விட்டு, "அப்ப ஆர் வாறது?" என்று கேட்டார். அந்த நொடியே அம்மா, "நான் பாக்கிறன் அண்ணை" என்றார். அறையே சிரித்தது. இரண்டாம் தடவை வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் ஆவாவின் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் புறப்பட்டுவிட்டார். "கையும் சும்மா இருக்கோணும்" என்றார் கொன்சோலாத். அதற்குப் பிறகு அம்மா இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார்.

என் முறை வந்தபோது நான் மொழிபெயர்க்க வந்தவள் என்றேன். கொன்சோலாத் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கினோம். பாதி வழியில் மறுபடி புகாருக்குள் போனோம். நொயசத்தல் நிலையம் தாண்டியதும் அம்மா, "பிள்ளை, போனைத் தா. சிவம் அண்ணை இப்ப வீட்டில நிப்பார்" என்றார். நாளைக்குச் சொல்லலாமே என்றேன். "நாளைக்குக் காலமை நான் அங்க நிப்பன். கையில தடியும் வாளியும் இருக்கும். அப்ப சொல்ல வராது."

பெட்டிக்குள் சத்தம் போடக்கூடாது என்பதால் கதவடிக்குப் போய் நின்றோம். நானும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"சொல்லுங்கோ தங்கச்சி."

"அண்ணை, நான் மாச முடிவோட காலமை வேலையை விடுறன்."

"என்ன திடீரெண்டு? மகள் ஏதும் சொல்லித் தந்தவவோ?"

அம்மா பேசவில்லை. எனக்கு, "இல்லை மாமா" என்று சொல்ல வாய் உன்னியது.

"அப்ப ஆர் வாறது? மார்கழி மாசம் ஆக்கள் எடுக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு தெரியும்தானே."

அம்மா கதவில் சாய்ந்து ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தார். அம்மா பேசாமல் சீட்டைக் காட்டினார். "மெர்சி, மடாம்" என்றார் அவர்.

"ஆர் அது? தங்கச்சி? லைனில நிக்கிறியளோ?"

"நிக்கிறன் அண்ணை."

அவ்வளவுதான் சொன்னார். அறிவித்தல் ஒன்று ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் வந்து முடிந்தது. பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது, ஆவா விட்டதைவிடச் சின்னது.

"சரி. மாச முடிவோட. நான் ஆளைப் பாக்கிறன்." கொஞ்சம் விட்டு, "ஏதும் வருத்தமோ?" என்றார்.

"பிரஷர் அண்ணை. டொக்டர் சொல்லி நாலு மாசம்."

"முன்னமே சொல்லியிருக்கலாமே."

போனை என்னிடம் தந்துவிட்டு அம்மா, "வா, போய் இருப்பம்" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து ஒருவருக்கு நூற்றிநாற்பது பிராங், வருமானம் குறைந்தவர்களுக்குப் பாதி. கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள். மொழி பிரெஞ்சு, தெரியாவிட்டால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தடித்த மேஸ் (காலுறை), வழுக்காத சப்பாத்து கட்டாயம். உறைப்பு இல்லாமல் சாப்பிட முடியாதவர்கள் மிளகாய்த்தூள் கொண்டு போங்கள். படம் எடுக்க விடமாட்டார்கள், அது நல்லது. முழங்கால் வருத்தக்காரர் வெட்கப்படாமல் கதிரை கேளுங்கள், கொன்சோலாத்தே கதிரையில்தான் இருந்தார். மருந்து எடுப்பவர்கள் நிறுத்தவேண்டாம். அம்மாவின் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பது உண்மை, டொக்டர் மருந்துக் குளிசையை மாற்றினார் என்பதும் உண்மை.

யோசித்துப் பார்த்தால், தியானம் என்றால் எல்லாவற்றையும் விட்டு விலகி இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். படிப்பில் பெண்களின் உரிமை பற்றி நிறைய எழுதியிருக்கிறேன், நல்ல புள்ளிகளும் வாங்கியிருக்கிறேன். ஒரு பெண் 'மாட்டேன்' என்று சொன்ன பிறகு வருகிற அரை நிமிடத்தைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை. புருண்டியில் ஒரு மருத்துவ நிலையத்தில் அந்த அரை நிமிடத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். யன்னல் துடைத்த கதையை எடுக்கச் சொன்னார். அது முக்கியம் என்றதும் விட்டுவிட்டார்.

கடைசியாக ஒன்று. எழுதத் தொடங்கியதிலிருந்து கேட்கவா விடவா என்று இருந்தேன். இதை எங்கள் சொந்தக்காரர்களும் கோயில் ஆட்களும் வாசிப்பீர்கள் என்று தெரியும். அம்மா காலை வேலையை விட்டதிலிருந்து வீட்டுக்குப் போன் வந்தபடி இருக்கிறது. லுசேர்ணில் இருந்து சித்தி, குழந்தையைப் பார்க்க வாரத்தில் இரண்டு நாள் வரமுடியுமா என்று கேட்டிருக்கிறா. கோயிலில் வெள்ளிக்கிழமை காலையில் மாலை கட்ட ஆள் இல்லையாம். இன்னொருவர் நூறு இடியப்பம் கேட்டிருக்கிறார், விடிய ஆறு மணிக்கு வந்து எடுப்பாராம். எல்லாரும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறீர்கள்: "இப்ப காலமையில சும்மாதானே இருக்கிறியள்."

அம்மா ஒருவருக்கும் இன்னும் ஓம் சொல்லவில்லை. "பாப்பம்" என்று சொல்லியிருக்கிறா. தயவுசெய்து கேட்டவர்கள் நீங்களாகவே போன் எடுத்து, வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். கேட்க நினைத்திருப்பவர்கள் கேட்காமல் விடுங்கள். ஓம், அம்மா காலையில் சும்மாதான் இருக்கிறா. இருக்க விடுங்கள்.